கலர் போனால் கம்ப்யூட்டர் போச்சா?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "இளைஞர் சக்தி, நாட்டின் எதிர்காலம்னு ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பற்றி. அதிலும் அதன் திரையில் கலர் சரியாக வராத கோளாறைப் பற்றி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதற்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்றைக்கு எந்தச் சாமான் பழுதானாலும் காதில் விழும் முதல் வார்த்தை என்ன? "போர்டு போச்சு சார், மாத்தணும்!" டி.வி.யில் படம் வரவில்லையா, போர்டு. வாஷிங் மெஷின் சுற்றவில்லையா, போர்டு. போர்டில் எது போச்சு, ஏன் போச்சு என்று கேட்டால் பதில் இல்லை. பழைய போர்டைக் கழற்றிப் புது போர்டை மாட்டுவதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். அதற்கு எதற்கு மூன்று வருஷப் படிப்பு, ரெக்கார்ட் நோட்டு, வைவா, அரியர் எல்லாம்? இந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

ஒரே வருஷத்தில் வந்த இரண்டு கலர்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23-ல் 'இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அறிவித்தது. 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. உள்ளே 3.5 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் இசட்-80ஏ பிராசசர். மானிட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டு டி.வி.யின் ஆன்டெனா சாக்கெட்டில் சொருகினால் டி.வி.யே திரை. அந்நாட்டுப் பிள்ளைகளில் ஒரு தலைமுறையே புரோகிராம் எழுதப் பழகியது இதில்தான்.

அதே 1982-ல்தான் நம் நாட்டில் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அங்கேயும் இங்கேயும் கலர் முறை ஒன்றே: 'பால்'. நாம் டி.வி. பாடத்தில் படிக்கிற அதே பால்தான்! பிறகு 1986-ல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி, 'டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இந்த இயந்திரத்தை இங்கேயே விற்றது. ஆகவே நம் நாட்டுப் பரண்களிலும் சில இன்னும் தூசி படிந்து கிடக்கின்றன. நான் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டதும் அப்படிப் பரணிலிருந்து இறங்கிய ஒன்றில்தான்.

நாற்பது வயது தாண்டிய இயந்திரம் என்றால் ஏதாவது நோய் இருக்கத்தானே செய்யும்? அதில் அடிக்கடி கண்ணில் படுவது கலர்க் கோளாறு. "கலரே வரல, கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லிக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது போகவில்லை என்பதுதான் உண்மை.

கோளாறா, குணமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தப்பாகத் தெரிவதெல்லாம் கோளாறு அல்ல. சிலது அந்த இயந்திரத்தின் குணம்.

ஸ்பெக்ட்ரம் திரை 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். புள்ளிகளுக்கு மட்டும் 6144 பைட் மெமரி. கலருக்கோ வெறும் 768 பைட். எப்படிச் சமாளித்தார்கள்? திரையை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தார்கள். 32 பத்தி, 24 வரிசை, ஆக 768 கட்டம். கட்டத்துக்கு ஒரு பைட். அதில் எழுத்துக்கு ஒரு கலர், பின்னணிக்கு ஒரு கலர். ஒரே கட்டத்தில் மூன்றாவது கலருக்கு இடமே கிடையாது. பச்சை மரத்துக்கு முன்னால் மஞ்சள் சட்டைக்காரன் நடந்தால் மரத்திலும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். "ஐயோ, கலர் கலங்குதே!" என்று ஐ.சி.யைப் பிடுங்கினால் என்ன ஆகும்? மெமரியை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு அது. எந்த ஐ.சி.யை மாற்றினாலும் மாறாது.

அதேபோல் கலர் மாறும் ஓரங்களில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நெளியும். வெளிச்சச் செய்தியும் கலர்ச் செய்தியும் ஒரே கம்பியில் சேர்ந்து போவதால் வரும் விளைவு அது. இதுவும் குணம்தான்.

இன்னொரு உதாரணம். 1984-85-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர். அதன் பின்பக்க வீடியோ சாக்கெட்டில் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். உள்ளே எஸ்-39 என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அதைப் போட்டால்தான் அந்த சாக்கெட்டில் கலர் வரும். இது தெரியாதவன் நல்ல போர்டைக் கெட்டது என்று தள்ளிவிடுவான்.

ஆகவே முதல் பாடம்: இயந்திரம் நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாமல் நோய் பார்க்கக் கூடாது.

கலர் போகிற வழி

ஸ்பெக்ட்ரத்தில் கலர் போகிற வழி ரொம்ப எளிது. மெமரியில் இருக்கும் படத்தை யூ.எல்.ஏ. என்ற பெரிய ஐ.சி. படிக்கும். படித்து மூன்று செய்திகளாக வெளியே தரும்: வெளிச்சத்துக்கு 'ஒய்', கலருக்கு 'யூ', 'வி'. யூ என்பது நீலத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம், வி என்பது சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்த யூ, வி இரண்டையும் எல்.எம். 1889 என்ற ஐ.சி. வாங்கி 4.43361875 மெகா ஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றும். அதோடு ஒய் சேரும். கடைசியில் மாடுலேட்டர் டப்பா அதை யூ.எச்.எஃப். 36-ஆம் சேனலாக்கி டி.வி.க்கு அனுப்பும். அவ்வளவுதான்!

இதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கலர்களின் எண்கள்: 0 கறுப்பு, 1 நீலம், 2 சிவப்பு, 3 மெஜந்தா, 4 பச்சை, 5 சயான், 6 மஞ்சள், 7 வெள்ளை. இது ஏதோ வாய்க்கு வந்த வரிசை இல்லை. வெளிச்சம் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கிய வரிசை. எட்டுக் கலரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு சாம்பல் படிக்கட்டு தெரியும்.

பேசிக்கில் இரண்டு வரி போதும். 0 முதல் 7 வரை ஒரு ஃபார் லூப், ஒவ்வொரு முறையும் 'பேப்பர்' கலரை மாற்றி நான்கு வெற்றிடம் அச்சிடச் சொல்லுங்கள். எட்டு நாலு முப்பத்திரண்டு, வரி நிறைந்துவிடும். இந்தக் கலர்ப் பட்டைதான் நமக்கு ஸ்டெதஸ்கோப்.

பட்டையில் கலரே இல்லை, ஆனால் சாம்பல் படிக்கட்டு ஒழுங்காக இருக்கிறது என்று வையுங்கள். என்ன அர்த்தம்? பிராசசர் ஓடுகிறது, மெமரி நலம், யூ.எல்.ஏ. வெளிச்சக் கணக்கைச் சரியாகப் போடுகிறது. கலர் வழியில் மட்டும்தான் அடைப்பு. ஒரு ஸ்குரூ கூடக் கழற்றாமல் முக்கால்வாசிப் போர்டுக்கு நற்சான்று கொடுத்தாகிவிட்டது! இதற்குப் பெயர்தான் பழுது பார்ப்பது.

வரிசை முக்கியம்

வைத்தியன் முதலில் நோய் என்ன என்று பார்ப்பான், பிறகு அது எதனால் வந்தது என்று பார்ப்பான், அப்புறம்தான் மருந்து என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலேயே வரிசை போட்டுக் கொடுத்துவிட்டார். நாமோ எடுத்த எடுப்பில் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுகிறோம். என் வரிசை இதுதான்.

முதலில் டி.வி.யைச் சந்தேகப்படுங்கள். பழைய டி.வி.யின் மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ திட்டாகத் தெரிந்தால், பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரின் காந்தம் பிக்சர் ட்யூபைப் பிடித்திருக்கலாம். ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள், டி.வி.யை ஆறவிட்டு மறுபடி போடுங்கள். ஆறிய டி.வி.யை ஆன் செய்யும்போது உள்ளேயிருக்கும் டீகாஸ் காயில் அந்தக் காந்தத்தைப் போக்கப் பார்க்கும். பிக்சர் ட்யூப் டி.வி.யை மட்டும் தனியாகத் திறக்கவே கூடாது. ட்யூபுக்குப் போவது இருபதாயிரம் வோல்ட் அளவு, அணைத்த பிறகும் அது தங்கி நிற்கும். கூட ஆசிரியர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

புதிய எல்.சி.டி. டி.வி.யிலோ வேறு சிக்கல். ஸ்பெக்ட்ரம் விடுவது டி.வி. நிலையத்துச் சிக்னல் போல அச்சு அசலானது அல்ல. திரைக்கு 312 வரி, நொடிக்கு 50.08 திரை. கலர் அலை கொஞ்சம் விலகினாலும் பழைய டி.வி. அனுசரித்துக்கொள்ளும். சில புது டி.வி.க்கள் "இது கலரே இல்லை" என்று கறுப்பு வெள்ளையில் காட்டிவிடும். ஆகவே இன்னொரு டி.வி.யில் போட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது கரண்ட். அடாப்டர் 9 வோல்ட் டி.சி., 1.4 ஆம்பியர். அதன் பிளக்கில் நடு முனை நெகட்டிவ்! இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். அதைச் சொருகினால் இல்லாத நோயும் வந்து சேரும்.

உள்ளே 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட் தருகிறது. அது தவிர ஒரு சின்னக் காயிலும் டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து பிளஸ் 12, மைனஸ் 5 வோல்ட்டுகளை உண்டாக்குகின்றன. எல்.எம். 1889-க்கு அந்த 12 வோல்ட் வேண்டும். அது தளர்ந்தால் கலர் தளரும், நின்றால் கலர் நிற்கும். இந்தப் பகுதியில் டி.ஆர்.4 என்ற டிரான்சிஸ்டர் போவது ஸ்பெக்ட்ரத்தின் பேர்போன நோய். எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் உலர்ந்துபோயிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக அலை ஓடும், கலர் நடுங்கும். எங்கே அளப்பது? 4116 மெமரி ஐ.சி.யில் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ல் பிளஸ் 12, 9-ல் பிளஸ் 5, 16-ல் கிரவுண்ட். நம் லேபில் பார்க்கும் 16 கால் 74 வரிசை ஐ.சி.களில் பெரும்பாலும் 16-ல் வி.சி.சி., 8-ல் கிரவுண்ட் என்று பழகியவர்கள் கவனிக்க: இங்கே கிரவுண்ட் இருப்பது 16-ல்! மைனஸ் 5 வராமல் இயந்திரத்தை ஓடவிட்டால் அந்த மெமரி ஐ.சி.கள் சூடாகிச் செத்துப்போகும். அதனால் மீட்டர் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாவது கிரிஸ்டல். கரண்ட் சரி, படிக்கட்டு சரி, கலர் மட்டும் இல்லை என்றால் 4.43 கிரிஸ்டல் அதிர்கிறதா என்று சி.ஆர்.ஓ.வில் பாருங்கள். 20 மெகா ஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. தாராளமாகப் போதும். பிரோபை பத்துக்கு ஒன்று என்ற நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் பிரோபின் கெபாசிட்டன்ஸே அலைவரிசையை இழுத்துவிடும். ஆரம்பகால போர்டுகளில் இதைச் சரிசெய்ய ஒரு டிரிம்மர் உண்டு. பிளாஸ்டிக் திருப்பியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் போனால் கலர் வரும், இன்னும் போனால் மறையும். வந்த இடத்துக்கும் மறைந்த இடத்துக்கும் நட்டநடுவில் நிறுத்துங்கள்.

நான்காவது வெள்ளை. கலர்க் கோளாறைப் பார்க்க வெள்ளையைப் பார்ப்பதா என்று கேட்பீர்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் கலர் கிடையாது. அங்கே யூவும் வியும் சமநிலையில் இருந்து ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளையில் ரோஸோ நீலமோ சாயம் ஏறினால் அந்தச் சமநிலை கெட்டிருக்கிறது என்று பொருள். 'இஷ்யூ 2' என்ற பழைய போர்டில் இதற்கென்றே வி.ஆர்.1, வி.ஆர்.2 என்று இரண்டு ப்ரீசெட்கள் இருக்கின்றன. திருப்பும் முன் பழைய நிலையை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, எந்தக் கலர் காணாமல் போனது என்று கேளுங்கள். நீலமும் மஞ்சளும் வெளுத்து, சிவப்பும் சயானும் ஓரளவு நின்றால் யூ வழியில் சந்தேகம். சிவப்பும் சயானும் வெளுத்தால் வி வழியில் சந்தேகம். கலர் கலராய்க் கட்டங்கள் நிறைந்து இயந்திரமே உறைந்து நின்றால் அது கலர்க் கோளாறே அல்ல, பெரும்பாலும் மெமரி. நோயாளியே சொல்கிறான், நமக்குத்தான் கேட்கப் பொறுமையில்லை.

யூ.எல்.ஏ.வைச் சந்தேகிப்பது இத்தனைக்கும் பிறகுதான். ஆனால் நடப்பது என்ன? "யூ.எல்.ஏ. அவுட்டு மச்சி" என்பதே முதல் வார்த்தை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அந்த ஐ.சி.யைச் செய்த ஃபெராண்டி நிறுவனம் 1993-லேயே திவாலானது. புது யூ.எல்.ஏ.வை இனி யாரும் செய்து தரப்போவதில்லை. ஆனாலும் கிறிஸ் ஸ்மித் என்பவர் அந்தச் சில்லைத் திறந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் முழுவதையும் ஆராய்ந்து 2010-ல் ஒரு புத்தகமே எழுதினார். செய்த கம்பெனி போன பிறகும் அந்த அறிவு போகவில்லை. காரணம், மாற்றிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து பார்த்த ஒரு மனிதர்.

"இதனால என்ன லாபம்?"

இதைச் சொன்னால் என் நண்பர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். மூன்றும் நியாயமானவைதான்.

"செல்போன்லயே ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர் ஓடுதே, இந்த டப்பா எதுக்கு?" சரிதான். எமுலேட்டரில் விளையாட்டு ஓடும், ஆனால் கண்டன்சர் உலராது. நாம் கற்க வேண்டியது விளையாட்டை அல்ல, பழுதை.

"யூ.எல்.ஏ.வுக்கு மாற்றா புது போர்டு வருது, எச்.டி.எம்.ஐ. கூட வருது. அதைப் போட்டா ஆச்சே?" போடலாம், கடைசி வழியாக. மாடுலேட்டரைத் தாண்டி வீடியோவை நேராக எடுத்து டி.வி.யின் ஏ.வி. சாக்கெட்டில் கொடுத்தாலே படம் எவ்வளவோ தெளியும். அந்த வேலையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் செய்கிற மாற்றம், அழுக்கின் மேல் அடித்த பெயின்ட். எதைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திருப்பும்படி செய்யுங்கள். தடத்தை வெட்டாதீர்கள், பெட்டியில் ஓட்டை போடாதீர்கள்.

"இன்னிக்கு எல்லாமே கடுகு சைஸ் ஐ.சி. இந்தப் பழசைக் கத்துக்கிட்டா வேலை கிடைக்குமா?" இதுதான் வலிக்கிற கேள்வி. ஸ்பெக்ட்ரம் சரிசெய்யத் தெரிந்தவன் வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் போடப் போவதில்லை. ஆனால் கரண்ட், அப்புறம் கிளாக், அப்புறம் சிக்னல் என்ற வரிசை இருக்கிறதே, அது இன்வெர்ட்டருக்கும் பொருந்தும், எல்.இ.டி. டி.வி.க்கும் பொருந்தும், தொழிற்சாலையில் நின்றுபோன கன்ட்ரோல் பேனலுக்கும் பொருந்தும். இன்றைய போர்டில் அதைக் கற்க முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் சர்க்யூட் படமே கிடைப்பதில்லை. ஸ்பெக்ட்ரத்துக்கு முழு சர்க்யூட் படம் கிடைக்கிறது. ஐ.சி.களின் கால்கள் விரலால் தொடும் அளவில் இருக்கின்றன. ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட் என்று புத்தகத்தில் படித்ததை சி.ஆர்.ஓ.வில் கண்ணால் பார்க்கலாம். இப்படி ஒரு வாத்தியார் வேறெங்கே கிடைப்பார்?

போர்டு மாற்றுகிறவன் வேலை எத்தனை நாளைக்கு? போர்டு சப்ளை நிற்கும் வரைக்கும். "இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்லை" என்று சொன்ன அன்றைக்கு அவனும் அந்த டி.வி.யும் ஒன்று. கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு அன்றைக்குத்தான் வேலையே ஆரம்பம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஸ்டோர் ரூமைக் காலி செய்யும்போது 'கண்டம்' என்று எழுதிப் பழைய சாமான்களை எடைக்குப் போடுகிறார்கள். கிலோ கணக்கில் போகும் அந்தக் குவியலில் பழைய கம்ப்யூட்டர், டி.வி., சி.ஆர்.ஓ. எல்லாம் இருக்கின்றன. ஏலத்துக்குப் போகும் முன் நம் மாணவர் சங்கம் துறைத் தலைவர்களிடம் பேசி, ஒவ்வொரு பழைய வகையிலும் ஒன்றையாவது கேட்டு வாங்க வேண்டும். லேபில் ஒரு மூலை, ஒரு மேசை, ஒரு மீட்டர், ஒரு சி.ஆர்.ஓ. போதும். வாரம் ஒரு நாள் மாலை, கூட ஓர் ஆசிரியர். முதலாம் ஆண்டு மாணவர்களும் வரட்டும். பெண்கள் "நமக்கெதுக்கு ரிப்பேர் வேலை?" என்று ஒதுங்காமல் முன்னால் வந்து உட்காரட்டும். சரி செய்த சாமானோடு எந்த அறிகுறி, எங்கே அளந்தோம், என்ன வோல்ட், எது மாற்றினோம் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல ரெக்கார்ட் நோட்டு கிடையாது.

செலவு பெரிதில்லை. 7805-ம் கண்டன்சர்களும் ரிச்சி தெருவில் டீ காசுக்குக் கிடைக்கின்றன. கிடைக்காதது பொறுமை ஒன்றுதான். அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

தோழர்களே! கலர் போனதால் கம்ப்யூட்டர் போய்விடவில்லை. "ஏன் போச்சு?" என்று கேட்கிற பழக்கம் போனால்தான் போச்சு. அடுத்த முறை யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால் சும்மா தலையாட்டாதீர்கள். "போர்டில் எது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் மீட்டரைக் கையில் எடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவர்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை